அரபி பிடிஎஃபில் எழுத்தும் எண்ணும் ஏன் புரள்கின்றன?

காரைக்குடி, தேவகோட்டை, இளையான்குடிப் பக்கம் வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் அரபி ஃபைல் ஒன்றாவது போனில் கிடக்கும். வேலை ஒப்பந்தம், விசா நகல், காப்பீட்டுத் தாள் என்று ஏதாவது ஒன்று. பெரும்பாலும் பிடிஎஃப். இடது பாதியில் ஆங்கிலம், வலது பாதியில் அரபி. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி இரண்டு வாசகமும் முரண்பட்டால் அரபி வாசகமே செல்லும். ஆகவே அந்த வலது பாதியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பது நியாயம்தான். படிக்கத் தெரியாதவர்கள் அதை காப்பி செய்து மொழிபெயர்ப்பு ஆப்பில் ஒட்டிப் பார்க்கிறார்கள். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வரும் புகார்கள் மூன்று வகை:

1. திரையில் அழகாகத் தெரிகிற அரபி வரியை காப்பி செய்து ஒட்டினால் எழுத்துகள் பின்னிருந்து முன்னாக வருகின்றன. சில நேரம் ஒன்றுமே வருவதில்லை.

2. எழுத்து சரியாக இருக்கிறது. தேதி, அடையாள எண், போன் எண் மட்டும் இடம் மாறி நிற்கின்றன.

3. அரபிப் புத்தகத்தை இரண்டு பக்கமாக விரித்துப் பார்த்தால் பக்கங்கள் தலைகீழ் வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன. புத்தகமாக அச்சடித்தால் இன்னும் மோசம்.

மூன்றுக்கும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "இந்த ஆப் சரியில்லை, வேற ஆப் போடுங்க." சில நேரம் அது பலிக்கும். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களில் பிறக்கும் பிழைகள். ஃபைலைத் திறந்து காட்டும் மென்பொருள் தவறு செய்யும் இடம் ஒன்று. ஃபைலை உருவாக்கியவர் சொல்லாமல் விட்டதால் வரும் பிழை இன்னொன்று. ஃபைலுக்குள் எது இருக்கிறது, மென்பொருள் எதை ஊகிக்கிறது என்பதைப் பிரித்துப் பார்த்தால் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

சேமிக்கும் வரிசை, காட்டும் வரிசை

அரபி, ஹீப்ரூ, பாரசீகம், உருது ஆகியவை வலமிருந்து இடமாக எழுதப்படுகின்றன. கணினிக்குள் இவை எப்படிச் சேமிக்கப்படுகின்றன? வலமும் இல்லை, இடமும் இல்லை. நினைவகத்தில் திசை என்று ஒன்று கிடையாது. முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து, மூன்றாவது எழுத்து என்ற வரிசை மட்டும்தான் உண்டு. எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோட் முறையில், படிக்கும்போது எது முதலில் வருகிறதோ அதுவே முதலில் சேமிக்கப்படும். அதைத் திரையில் எந்தத் திசையில் பரப்புவது என்பது காட்டும் நேரத்தில் எடுக்கும் முடிவு.

இது நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. "கெ" என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு முதலில் தெரிகிறது, ககரம் பிறகு. யூனிகோடில் சேமிப்பது ககரத்தை முதலில், கொம்பை அடுத்து. திரையில் காட்டும்போது மென்பொருள் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கிறது. யூனிகோடுக்கு முன் புழங்கிய பாமினி போன்ற எழுத்துருக்களிலும் திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறையிலும் கொம்பே முதலில் சேமிக்கப்பட்டது. அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசையே சேமிப்பு வரிசை. பழைய தமிழ் ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றியவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும்.

ஹீப்ரூவிலும் இதே கதை நடந்தது. வலமிருந்து இடம் காட்டத் தெரியாத பழைய இணைய உலாவிகளுக்காக எழுத்துகளைத் திருப்பிப் போட்டே சேமித்தார்கள். உலாவி இடமிருந்து வலமாகக் காட்டினாலும் பார்ப்பவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். ஜன்னலின் அகலத்தைக் குறைத்து வரி மடிந்தால் மட்டும் குட்டு வெளிப்படும்: வாக்கியத்தின் கடைசிப் பகுதி மேல் வரியிலும் தொடக்கம் கீழ் வரியிலும் வந்து நிற்கும்.

பார்வைக்குச் சரியாக இருப்பது வேறு, உள்ளே சரியாக இருப்பது வேறு. கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

ஒரே வரியில் இரண்டு திசை

முழுக்க அரபி மட்டும் உள்ள வரி பெரிய சவால் இல்லை. அதற்குள் ஆங்கிலப் பெயர், எண், அடைப்புக்குறி எல்லாம் கலந்தால்தான் சிக்கல். இதற்காக யூனிகோட் அமைப்பு இருதிசை விதிமுறை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறது. அதன் சாரம்:

1. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இயல்பு உண்டு. தமிழ், ஆங்கில எழுத்துகள் இடமிருந்து வலம் ஓடும் வலுவான எழுத்துகள். அரபி, ஹீப்ரூ எழுத்துகள் எதிர்த்திசையில் வலுவானவை. எண்கள் வலுக்குறைந்தவை. இடைவெளி, அடைப்புக்குறி போன்றவை நடுநிலை. அக்கம்பக்கத்தைப் பார்த்துத் திசையை எடுத்துக்கொள்ளும்.

2. பத்திக்கு ஓர் அடிப்படைத் திசை வேண்டும். ஃபைலில் அது சொல்லப்படாவிட்டால், பத்தியில் வரும் முதல் வலுவான எழுத்தின் திசையையே முழுப் பத்திக்கும் வைத்துக்கொள்ளலாம்.

3. எண்ணின் இலக்கங்கள் எப்போதும் இடமிருந்து வலம். அரபியிலும் 1500 என்பது 1500 என்றே எழுதப்படும்.

4. அடைப்புக்குறி போன்ற சில குறிகள், வலமிருந்து இடம் ஓடும் இடத்தில் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொள்ளும்.

இரண்டாவது விதியின் விளைவை இளையான்குடி வாட்ஸ்அப் குழுக்களில் பார்த்திருப்பீர்கள். ஜமாஅத் அறிவிப்பு அரபி எழுத்தில் ஸலாம் சொல்லித் தொடங்கும். அதே பத்தியில் தமிழ் வாசகம் தொடரும். முதல் வலுவான எழுத்து அரபி என்பதால் மொத்தப் பத்தியும் வலது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும், கடைசி முற்றுப்புள்ளி இடது பக்கம் போய் உட்காரும். ஸலாமைத் தனிப் பத்தியாக எழுதினால் போதும், தமிழ் தன் இடத்துக்கு வந்துவிடும். இதே விதி எதிர்ப்புறமாகவும் கடிக்கும். ஒப்பந்தத்தில் ஓர் அரபிப் பத்தி கம்பெனியின் ஆங்கிலப் பெயரோடு ஆரம்பித்தால், திசை குறிக்கப்படாத ஃபைலில் அந்தப் பத்தி இடமிருந்து வலமாகக் கருதப்பட்டு வாக்கியத் துண்டுகள் இடம் மாறும்.

தேதியும் எண்ணும்

இருதிசை விதிகளில் ஆளை மிகவும் ஏமாற்றுவது இந்தப் பகுதி. பொறுமையாகப் பார்ப்போம்.

அரபி எழுத்துக்குப் பின்னால் ஓர் எண் வந்தால், விதிமுறை அதை அரபிச் சூழலில் உள்ள எண்ணாகக் கருதும். அப்படிக் கருதப்பட்ட இரண்டு எண்களுக்கு நடுவே சாய்கோடோ புள்ளியோ இருந்தால் மொத்தமும் ஒரே எண்ணாக ஒட்டிக்கொள்ளும். சிறுகோடு இருந்தால் ஒட்டாது. துண்டுகளாகப் பிரிந்து, துண்டுகள் வலமிருந்து இடமாக அடுக்கப்படும். ஆகவே:

- 12/05/2024 என்று எழுதியது 12/05/2024 என்றே தெரியும்.
- 12-05-2024 என்று எழுதியது 2024-05-12 என்று தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், அதே சிறுகோட்டுத் தேதி அரபி எழுத்துக்கு முன்னால், பத்தியின் தொடக்கத்திலேயே வந்தால் புரளாது. ஹீப்ரூ வாக்கியத்தில் எங்கே வந்தாலும் புரளாது. ஒரே ஃபைலில் ஓர் இடத்தில் தேதி நேராகவும் இன்னோர் இடத்தில் புரண்டும் இருந்தால், யாரோ திருத்தி மோசடி செய்துவிட்டார்கள் என்று பதற வேண்டியதில்லை. விதியே அப்படி.

ஆண்டு நான்கு இலக்கத்தில் இருந்தால் பெரிய சேதம் இல்லை. 2024-05-12 என்பதையும் மே 12 என்றுதான் எல்லோரும் படிப்பார்கள். ஆண்டை இரண்டு இலக்கத்தில் சுருக்கும் நம் ஊர்ப் பழக்கம்தான் ஆபத்து. 04-05-26 என்று எழுதியது 26-05-04 ஆகத் தெரிந்தால், 2026 மே 4 என்பது 2004 மே 26 ஆகிவிடும்.

தேதியைவிட மோசமாக அடிபடுவது அடையாள எண். ஐக்கிய அரபு அமீரகத்தின் அடையாள அட்டை எண் 784 என்று தொடங்கும். பிறகு பிறந்த ஆண்டு, ஏழு இலக்கங்கள், கடைசியில் ஒற்றை இலக்கம். நடுவில் எல்லாம் சிறுகோடு. அரபி வாக்கியத்துக்குள் இதைச் சும்மா தட்டினால் ஒற்றை இலக்கம் இடது ஓரத்துக்குப் போகும், 784 வலது ஓரத்துக்கு வரும். அதை இடமிருந்து வலமாகப் பார்த்து விண்ணப்பத்தில் எழுதினால் இல்லாத எண் ஒன்று பதிவாகும். சம்பளம் 1500-1800 என்பது 1800-1500 ஆகத் தெரிவதும், போன் எண்ணில் நாட்டுக் குறியீட்டின் முன்னால் வர வேண்டிய கூட்டல் குறி பின்னால் போய் 971+ என்று நிற்பதும் இதே வகை.

இதற்கு மருந்து உண்டு. கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகள் யூனிகோடில் இருக்கின்றன. ஒரு துண்டைச் சுற்றி அவற்றை வைத்தால் "இது இடமிருந்து வலம், அக்கம்பக்கத்தைப் பார்க்காதே" என்று சொன்னதாகும். இப்படித் தனிமைப்படுத்தும் குறிகள் 2013-இல் வந்த யூனிகோட் 6.3 பதிப்பில் சேர்ந்தன. ஆனால் அவற்றை இட வேண்டியவர் ஒப்பந்தத்தைத் தட்டச்சு செய்பவர். அவர் இடாமல் பிடிஎஃபாக மாற்றிவிட்டால், புரண்ட எண் அப்படியே படமாக உறைந்துவிடும். அதன் பிறகு எந்த ஆப்பில் திறந்தாலும் அதேதான் தெரியும். ஆப் மாற்றிப் பயனில்லாத இடம் இது.

எழுத்து ஒட்டுவது

அரபி எழுத்துகள் சொல்லில் இருக்கும் இடத்தைப் பொறுத்து வடிவம் மாறும்: தனியாக, தொடக்கத்தில், நடுவில், கடைசியில். சேமிப்பில் எழுத்து ஒன்றுதான். வடிவத்தைத் தேர்வது காட்டும் மென்பொருளின் வேலை. இந்த வேலை தெரியாத வடிவமைப்பு மென்பொருளில் அடித்த ஃப்ளெக்ஸ் பேனர்களில் அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், தலைகீழ் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அதே மென்பொருள் தமிழில் "கொ"வை உடைத்து, கொம்பைப் புள்ளி வட்டத்தின்மேல் தொங்கவிடும். இரண்டும் ஒரே குறை. ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் தொகுப்பு இரண்டு மொழிக்கும் இந்த வேலையைச் செய்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் அது இருப்பதால் சாதாரணமாகப் படிப்பவர்களுக்கு இப்போது இந்தத் தொல்லை குறைவு.

பிடிஎஃப் ஏன் தனிக்கதை

வேர்டு ஃபைலிலும் மின்னூலிலும் எழுத்துகள் படிக்கும் வரிசையில் இருக்கும். மேலே சொன்ன விதிகளை ஓட்டிக் காட்ட வேண்டியது திறக்கும் மென்பொருள். பிடிஎஃபில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. பக்கத்துக்குள் இருப்பது "இந்த வடிவத்தை இந்த இடத்தில் வை" என்ற கட்டளைகளின் தொகுப்பு. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் பார்த்தால் கோலம் முழுசாகத் தெரியும். கொத்தனார் எந்த மூலையிலிருந்து கல்லை வைத்துக்கொண்டு வந்தார் என்பது தெரியாது. பிடிஎஃபின் நிலைமையும் அதுதான். காட்டுவதில் பெரும்பாலும் பிழை வராது. அதனால்தான் ஒப்பந்தம் அனுப்ப எல்லோரும் பிடிஎஃபை விரும்புகிறார்கள். தேடவோ, காப்பி செய்யவோ, வாசித்துக் காட்டச் சொல்லவோ முற்பட்டால் மட்டும் படிக்கும் வரிசையை எங்கிருந்தாவது மீட்க வேண்டும்.

மீட்பதில் வழுக்கும் இடங்கள்:

1. வடிவத்திலிருந்து எழுத்துக்குப் போக ஓர் அட்டவணை ஃபைலுக்குள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் காப்பி செய்ததெல்லாம் குப்பை. தமிழ் இதழ்களின் பழைய பிடிஎஃபிலிருந்து வரி எடுக்க முயன்று சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளைப் பெற்றவர்களுக்கு இது புதிதல்ல.

2. அட்டவணை இருந்தும், அது அடிப்படை எழுத்தைக் காட்டாமல் "தொடக்க வடிவம்", "நடு வடிவம்" என்று யூனிகோடில் பழைய முறைகளுக்காக வைத்திருக்கும் தனிக் குறியீடுகளைக் காட்டலாம். அப்போது காப்பி செய்தது கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் கிடைக்காது. நீங்கள் விசைப்பலகையில் தட்டுவது அடிப்படை எழுத்து. ஃபைலில் இருப்பது வேறு குறியீடு. நல்ல மென்பொருள் இரண்டையும் சமப்படுத்திவிட்டுத் தேடும்.

3. அரபி வரியின் வடிவங்களை ஃபைல் உருவாக்கும் மென்பொருள் படிக்கும் வரிசையிலும் எழுதலாம், இடமிருந்து வலமாகவும் எழுதலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. இடமிருந்து வலமாக எழுதியிருந்தால் காட்டும் மென்பொருள் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே படிக்கும் வரிசையில் இருந்ததைத் திருப்பினால் கெட்டுப்போகும். எது என்று சொல்வதற்குப் பிடிஎஃப் தரத்தில் ஒரு குறி உண்டு. பல ஃபைல்களில் அது இல்லை. ஆகவே மென்பொருள் ஊகிக்கிறது.

4. லாம், அலிஃப் என்ற இரண்டு அரபி எழுத்துகள் அடுத்தடுத்து வந்தால் ஒரே கூட்டு வடிவமாகும். அட்டவணை அந்த ஒரு வடிவத்துக்கு இரண்டு எழுத்தைத் தரும். வரியைத் திருப்பும்போது இந்த இரண்டையும் சேர்த்துத் திருப்பிவிட்டால் லாம்-அலிஃப் என்பது அலிஃப்-லாம் ஆகும். வரி முழுக்க ஒழுங்காக வந்து, நடுவில் அங்கங்கே இரண்டு எழுத்து மட்டும் இடம் மாறியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மொழிபெயர்ப்பு ஆப் அந்தச் சொல்லை வேறு சொல்லாக எடுத்துக்கொண்டு தைரியமாக ஏதோ ஓர் அர்த்தத்தைத் தரும். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு சொல் போதும்.

ஊகத்தின் தரம் மென்பொருளுக்கு மென்பொருள் மாறுபடும். லினக்ஸில் புழங்கும் பிடிஎஃப் மென்பொருள்களான எவின்ஸும் ஓகுலாரும் பாப்ளர் என்ற இயந்திரத்தை (ஃபைலைப் படித்துக் காட்டும் உள் நிரலை) நம்பியிருக்கின்றன, குரோமுக்குள் இருப்பது பிடிஎஃபியம், ஃபயர்ஃபாக்ஸுக்கு அதன் சொந்தத் திட்டம், விண்டோஸில் ஓடும் சுமாத்ராவுக்கு மூபிடிஎஃப். ஒரே வரியை இவற்றில் காப்பி செய்தால் வெவ்வேறு விடை வரக்கூடும். "வேற ஆப் போடுங்க" என்பது உண்மையிலேயே பலிக்கிற இடம் இது ஒன்றுதான்.

ஊகத்தைத் தவிர்க்க வழி இருக்கிறது. 2001-இல் வந்த பிடிஎஃப் 1.4 முதல், தலைப்பு, பத்தி, அட்டவணை, படிக்கும் வரிசை ஆகியவற்றைக் குறிச்சொற்களாக ஃபைலுக்குள்ளேயே வைக்கலாம். பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்களுக்கு இது உயிர்நாடி. வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ பிடிஎஃபாகச் சேமிக்கும்போது ஒரு பெட்டியை டிக் செய்தால் போதும். பிரிண்ட் கொடுத்து அதையே பிடிஎஃபாக்கும் குறுக்குவழியில் இந்தக் குறிச்சொற்கள் எல்லாம் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அந்தப் பழக்கத்தை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும் என்பது என் கணிப்பு.

பக்கம் எந்தப் பக்கம் புரள வேண்டும்

அரபிப் புத்தகத்தின் கட்டு வலது பக்கம். இரண்டு பக்கம் சேர்த்துக் காட்டும்போது சிறிய எண் வலப்புறமும் பெரிய எண் இடப்புறமும் இருக்க வேண்டும். பிடிஎஃபில் இதைச் சொல்ல, காட்டும் விருப்பங்களில் ஒரு வரி உண்டு. பக்க அடுக்கை மட்டும்தான் அது மாற்றும், உள்ளே உள்ள எழுத்தைத் தொடாது. மின்னூலில் பக்கம் புரளும் திசைக்கென்று தனிப் பண்பு இருக்கிறது. போனில் மேலிருந்து கீழாக உருட்டிப் படிப்பவருக்கு இந்தக் குறையே கண்ணில் படாது.

ஃபைலில் அந்த வரி இல்லாவிட்டால் கையால் சொல்லலாம். எவின்ஸில் வலமிருந்து இடம் ஆவணம் என்று ஒரு தேர்வு உண்டு. சுமாத்ராவில் அதற்கு மாங்கா முறை என்று பெயர். ஜப்பானியச் சித்திரக் கதைகளும் வலமிருந்து இடமாகப் புரள்பவைதாமே. ஜெராக்ஸ் கடையில் மதரஸா பாடத்தைச் சிறு புத்தகமாக அடிக்கும்போது, அடோபி ரீடரின் புக்லெட் தேர்வில் கட்டு இடமா வலமா என்று கேட்கும் பெட்டியை வலம் என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்றாமல் அடித்து ஸ்டேப்ளர் போட்டால், புத்தகம் முதுகுப் பக்கத்திலிருந்து தொடங்கும்.

அட்டவணைகள்

வேர்டில் அட்டவணை வலமிருந்து இடம் என்று குறிக்கப்பட்டால் முதல் நெடுவரிசை வலது ஓரத்தில் வரும். எக்செல் தாளையும் அப்படித் திருப்பலாம். இந்தக் குறியைக் கவனிக்காத எளிய போன் ஆப்பில் நெடுவரிசைகள் இடம் மாறும். தலைப்பும் சேர்ந்தே மாறுவதால் படிப்பதில் குழப்பமில்லை. ஆனால் "மூன்றாவது நெடுவரிசையில் உள்ள தொகை" என்று போனில் பேசிக்கொண்டால் ஆளுக்கொரு தொகையைப் பார்ப்பார்கள். நெடுவரிசையை எண்ணால் சொல்லாமல் தலைப்பால் சொல்வது நல்லது.

மொழி வேறு, திசை வேறு

திசை எழுத்துக்கு உரியது, மொழிக்கு உரியதல்ல. இதை மறந்த மென்பொருள்கள் செட்டிநாட்டுப் பழந்தாள்களில் தடுக்கி விழும். மலேயாவில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மலாய் மொழி பரவலாக ஜாவியில், அதாவது கூடுதல் எழுத்துகள் சேர்த்த அரபி எழுத்தில் எழுதப்பட்டது. அங்கே லேவாதேவி செய்த நகரத்தார் குடும்பங்களின் பெட்டிகளில் தமிழ்ப் பேரேட்டோடு ஜாவித் தாளும் ஆங்கிலத் தாளும் கலந்திருக்க இடமுண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் புழங்கிய அர்வி இன்னும் சுவையானது: மொழி தமிழ், எழுத்து அரபி. தமிழ் என்று மொழிக்குறி பார்த்ததும் இடமிருந்து வலம் என்று முடிவுகட்டும் மென்பொருள் அர்வி நூலைக் கெடுத்துவிடும். மலாய் என்றதும் ரோமன் எழுத்தை எதிர்பார்க்கும் மென்பொருளுக்கு ஜாவியும் அப்படியே.

பழந்தாள் சேர்ப்பதில் இந்த வட்டாரத்துக்குப் பெயர் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டியவைதாம் 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாயின. இன்று வீட்டுத் தாள்களை ஸ்கேன் செய்து பிடிஎஃபாக வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் வெறும் படம். தேட வேண்டுமானால், படத்தில் உள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி மென்பொருள் (ஓசிஆர்) படத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து அடுக்கு ஒன்றைப் பதிக்கும். அது சரியான வரிசையில் பதிந்ததா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது. ஒரு வரியை காப்பி செய்து பார்த்தால்தான் தெரியும். மொழியைத் தமிழ் என்று மட்டும் தேர்ந்து ஓட்டினால், அதே தாளில் உள்ள ஜாவி வரிகள் அர்த்தமற்ற தமிழ் எழுத்துகளாகப் பதியும். ஆயிரம் பக்கம் ஓட்டுவதற்கு முன் பத்துப் பக்கம் ஓட்டிப் பார்ப்பது செலவைக் குறைக்கும். கையெழுத்தைப் பொறுத்தவரை பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஃபைல் பெயரில் ஒரு திருட்டுத்தனம்

கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகளில் ஒன்று, தனக்குப் பின்வரும் எல்லா எழுத்தையும் வலுக்கட்டாயமாக வலமிருந்து இடம் திருப்பும். அதை ஃபைல் பெயருக்குள் செருகினால், உண்மையில் "எஃப்-டி-பி புள்ளி இ-எக்ஸ்-இ" என்று முடியும் பெயர், திரையில் "இ-எக்ஸ்-இ புள்ளி பி-டி-எஃப்" என்று முடிவதாகத் தெரியும். பார்ப்பவர் பிடிஎஃப் என்று நம்பித் தட்டுவார். ஓடுவது ஒரு புரோகிராம். டெலிகிராமின் விண்டோஸ் செயலியில் இந்த உத்தியை வைத்துத் தாக்குதல் நடந்ததை 2018 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்த ஓட்டை அடைக்கப்பட்டுவிட்டது. உத்தி மட்டும் சாகவில்லை. "வேலை உறுதி" என்று வரும் ஃபைலைக் கணினியில் திறக்கும் முன், விண்டோஸில் அதன் வகை என்னவென்று காட்டும் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே அப்ளிகேஷன் என்றிருந்தால் தொடாதீர்கள்.

பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது

அரபி ஃபைல் பார்க்க போனின் மொழியையே அரபிக்கு மாற்றச் சொல்லும் யோசனை ஒன்று சுற்றுகிறது. அதனால் மெனுவும் பொத்தான்களும் இடம் மாறும், அவ்வளவுதான். ஃபைலுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. உருப்படியான சோதனைகள் வேறு:

1. அதே ஃபைலை வேறொரு மென்பொருளில் திறங்கள். திரையில் தெரிவதே மாறினால் காட்டும் மென்பொருளில் குறை, அல்லது எழுத்துரு ஃபைலுக்குள் இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரி தப்பாக இருந்தால் உருவாக்கியபோதே நேர்ந்தது.

2. திரையில் சரி, காப்பி செய்தால் தப்பு என்றால் இன்னொரு இயந்திரம் உள்ள மென்பொருளில் காப்பி செய்து பாருங்கள். அங்கும் தப்பென்றால், பக்கத்தைப் படமாக எடுத்து எழுத்துணரியிடம் கொடுப்பது பெரும்பாலும் நல்ல விடை தரும். பக்கத்தில் தெரிவது சரியாக இருக்கிறதே, அதைப் படித்தால் போதும்.

3. காப்பி செய்யவே முடியவில்லை, வரியைத் தேர்ந்தால் முழுப் பக்கமும் நீலமாகிறது என்றால் அது ஸ்கேன். திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

4. எண் சந்தேகமாக இருந்தால் ஆங்கிலப் பாதியில் உள்ள அதே எண்ணோடு ஒப்பிடுங்கள். சிறுகோடு உள்ள எண்கள்தாம் முதல் சந்தேகத்துக்குரியவை.

5. பத்தி ஓரமும் முற்றுப்புள்ளியும் மட்டும் இடம் மாறியிருந்தால் பத்தித் திசை குறிக்கப்படவில்லை. வாசகத்தில் பிழை இல்லை.

ஒப்பந்தம் அனுப்பும் ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை மூன்று. வேர்டிலிருந்து நேராகச் சேமித்த பிடிஎஃப் வேண்டும்; பிரிண்ட் எடுத்து ஸ்கேன் செய்தது கூடாது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதி, ஆண்டை நான்கு இலக்கத்தில் கொடுக்க வேண்டும். அடையாள எண்ணை வாக்கியத்துக்கு நடுவில் சொருகாமல் அட்டவணையில் தனிக் கட்டத்தில் தனியாக வைத்தால் பக்கத்தில் அரபி எழுத்து இருக்காது; எண் புரளவும் புரளாது.